இரண்டு பக்கமும் கால் போட்டு

இருபத்தாறு வருடம் என் கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன். அத்தனை வருடமும் சாலையின் இடது பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருகிற பெண்களுக்கு இது புரியும். செங்கல்பட்டிலிருந்து கோவளத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகும்போது, மாமல்லபுரம் தாண்டியதும் கடல் என் முதுகுப் பக்கம் போய்விடும். சவுக்குத் தோப்பு மட்டும் எனக்கு. திரும்பி வரும்போது கடல் எனக்கு, தோப்பு முதுகுக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் மெடிக்கல் ரெப். மருந்துப் பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டு செய்யூர், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் என்று டாக்டர் வீட்டு வாசல்களில் காத்துக் கிடந்தே முடி நரைத்தவர். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார், நானும் மறுத்ததில்லை. நான் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். மறுக்கிற பழக்கமெல்லாம் வகுப்பறையோடு சரி.

கிளம்பும்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏறியதும் அவர் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்வார். திரும்பிப் பார்க்காமல், "குந்திகினியா?" என்று கேட்பார். நான் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டுவேன். தட்டிய கை அங்கேயே இருக்கும். வண்டி நகரும். கல்யாணமான மறுநாளிலிருந்து இப்படித்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். நான் வட்டலாப்பம் செய்திருந்தேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைக்கிற பலகாரம். பெருநாளுக்கு அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் பெருநாளே இல்லை. என் கைப்பக்குவத்தில் அதன் மேல்பரப்பு தட்டு மாதிரி வழவழவென்று நிற்கும். ஆட்டினால் வெடிப்பு விட்டு, பாகு தனியாகப் பிரிந்துவிடும். அக்காவின் மாமியார் வீட்டார் முன்னால் வெடித்த வட்டலாப்பத்தைத் திறந்து காட்ட எனக்கு மனசு வரவில்லை. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தை மூடி போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். "குந்திகினியா?" என்றார். இரண்டு தட்டு தட்டினேன். தட்டிய கையை எடுத்துப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும்.

மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில் வேகத்தடை. வண்டி எகிறியது. நான் வழுக்கிக்கொண்டு தார்ச்சாலையில் விழுந்தேன். இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த பெண்கள்தான் என்னைத் தூக்கி நிழலில் கிடத்தினார்கள், முந்தானையால் விசிறினார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தொழுகையில் கை ஏந்தும்போதெல்லாம் அவர்களுக்காகவும் கேட்கிறேன்.

பாத்திரம் என் நெஞ்சோடு இருந்தது. மூடி திறக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லோரும் என் கணவரைத்தான் குறை சொன்னார்கள். என் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, "ஸ்பீட் பிரேக்கர்ல இப்டியா ஓட்டுவாங்க? பின்னாடி பொம்பள குந்திகினு கீதுன்னு நெனப்பு வேணாம்?" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் வலியில் பேசவில்லை. அப்புறம் வெட்கத்தில் பேசவில்லை. ஒரு பலகாரத்துக்காகப் புருஷனை விட்டுவிட்டேன் என்று யாரிடம் சொல்வது? அப்புறம் சொல்கிற நேரமே தாண்டிவிட்டது. தொடைக்குள் பிளேட் வைத்தார்கள். ஆறு மாதத்தில் நடந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை வண்டியில் ஏற்றவே இல்லை. பள்ளிக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாரா என்றால் அதுவும் இல்லை. ஆட்டோவுக்குப் பின்னாலேயே தன் வண்டியில் வருவார். ஆட்டோவின் சின்ன ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தால் ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள். ஆசிரியர் அறையில் என்னைக் கிண்டல் செய்யாத ஆளே இல்லை. நானும் சிரிப்பேன். வகுப்புக்குப் போய் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

எங்கள் மகள் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களே இத்தாலிக்கு, டூரின் நகரத்துக்கு அனுப்பினார்கள். போன வருடம் காலாண்டு விடுமுறையோடு நான் இன்னும் ஒரு வாரம் லீவு சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் போனோம். அவள் தன் அத்தாவை இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்து வரச் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. போன மூன்றாம் நாள் எங்களை ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். வாடகை மோட்டார் சைக்கிள் கடை. மூன்று நாள் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் திராட்சை மலைகளிலும் நாங்கள் இருவரும் சுற்றி வர எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாள். "அத்தா சின்ன வயசுலேந்து மலைல ஓட்டணும்னு சொல்லிகினு இருப்பாருல்லமா," என்றாள். அவர் கண்ணில் தெரிந்த ஆசையை நான் பார்த்தேன். அடுத்த நொடி அது பயமாக மாறியதையும் பார்த்தேன்.

வண்டி உயரமானது. நான் வழக்கப்படி இடது பக்கம் போய் நின்று, ஒருபக்கமாக உட்காரப் போனேன். கடைக்காரர் பதறி ஓடி வந்தார். அப்படி உட்கார்ந்தால் வண்டி தரமாட்டாராம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டுமாம். மகள் அதைத் தமிழில் சொன்னதும் என் கணவருக்கு உயிர் வந்தது.

"பாத்தியா, ஆவாதுன்றாரு. நீ பாப்பாவோட ரயில்ல வா. நா வண்டில வந்துட்றேன்," என்றார்.

மூன்று வருடமாக ஆட்டோவில் தேக்கி வைத்த கோபம் எனக்கு அந்த இடத்தில் வந்தது. "கால் என்னோடதா, உங்களோடதா?" என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு வயது, தொடையில் இரும்பு, மேலே முழங்கால் வரை தொங்கும் சுடிதார். கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் ஏறி, மகளின் தோளைப் பிடித்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். வலித்தது. கடைக்காரர் கை தட்டினார். என் கணவர் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஏறினார். பிஸ்மி சொன்னார். "குந்திகினியா?" என்று கேட்டார். இரண்டு தட்டு தட்டிவிட்டு இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. நடுத்தெருவில், மகள் முன்னால்!

எங்கள் பயண வேகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுபது வயதுக்காரர்கள் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். போகும்போது கையசைத்துவிட்டும் போனார்கள். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் அவர், "ரைட்டு, ரைட்டு, ரைட்டு" என்று முணுமுணுப்பது என் நெஞ்சில் அதிரும். மலை வளைவு வந்தால் ஹாரன். எதிரே யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை, இருந்தாலும் ஹாரன். ஹாரன் அடிக்காமல் திரும்பினால் அவருக்கு அது திரும்பின கணக்கில் வராது.

ஆனால் நான் பார்த்தேன். முதல் முறையாக எதிரே வருவதைப் பார்த்தேன். அதுவரை வண்டியில் என் வேலை, கடந்து போவதைப் பார்ப்பதுதான். இப்போது இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் பள்ளத்தாக்கு, நடுவில் அவர் பிடரி, அதற்கு மேலே பனி மூடிய முகடு எல்லாம் ஒன்றாக இருந்தன. இருபத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு ஆல்ப்ஸ் மலையை வரைபடத்தில் பழுப்பு நிறம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அது பழுப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது. யா அல்லாஹ், என்னை இதுவரை கொண்டுவந்தாயே என்று சத்தமாகவே சொன்னேன்.

"இன்னாமா, கால் வலிக்குதா?" என்று அவர் கத்தினார்.

"இல்ல, நல்லா கீது," என்று நானும் கத்தினேன்.

இரண்டாம் நாள் மலையிலிருந்து இறங்கித் திராட்சை மேடுகளுக்குள் வந்தோம். பார்த்த இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கொடிகள், அறுவடை நேரம். ஒரு வளைவில் அவர் வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்தார். தோட்டத்துக்குள் இருந்த ஒரு விவசாயி, யாரோ ஆபத்தில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கொடிகளுக்கு நடுவே ஓடி வந்தார். வயது அறுபது இருக்கும். ஒன்றுமில்லை, வளைவுக்காக அடித்தது என்று சைகையில் விளக்க என் கணவர் பட்ட பாடு! விளங்கியதும் அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த கையோடு எங்களைத் தன் வீட்டு முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

அவர் மனைவி ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தக்காளியும் கொண்டுவந்து வைத்தார். விவசாயி ஒயின் ஊற்ற வந்தார். என் கணவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். எங்களுக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மகளுக்குப் போன் போட்டோம். அவள் பேசி முடித்ததும் விவசாயியின் முகம் சுருங்கவில்லை. உள்ளே ஓடி, அப்போதுதான் பிழிந்த, இன்னும் புளிக்கவே தொடங்காத சாற்றை ஒரு கூஜா நிறையக் கொண்டுவந்தார். "பிழிஞ்சு அரை மணி நேரம்தான் ஆச்சாம், தாராளமா குடிக்கலாம்," என்றாள் மகள் போனில். குடித்தோம். என் கணவரின் பல்லெல்லாம் ஊதா. "பாயசமாட்டம் கீதுமா," என்றார். சாயங்கால அசர் தொழுகை நேரம் வந்தபோது நாங்கள் திசை தேடுவதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா துவைத்து மடித்த மேசை விரிப்பைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். ஒயின் வீட்டு முற்றத்தில், அவர்கள் விரித்த துணியில் நாங்கள் தொழுதோம். முடியும் வரை இருவரும் தள்ளி நின்றார்கள். அந்த வீடு என்றும் நன்றாக இருக்க வேண்டும்.

கிளம்பும் நேரம். நான் ஒரு கல்மேல் ஏறி வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பிஸ்மி சொல்லி, கேட்டு, நான் தட்டி, இன்ஜினும் ஓடத் தொடங்கியது. அந்த அம்மா ஓடி வந்தார். கையில் அகலவாய்க் கண்ணாடி ஜாடி. திராட்சைச் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கிய பாகு. எனக்கும் என் கணவர் முதுகுக்கும் நடுவில் மடியில் வைத்தார். எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பொருள் என்றால் மடியில்தான். யோசிக்கவே இல்லை. அவர் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் எடுத்து ஜாடியைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஜின் நின்றது.

"கை எங்கமா?" என்றார். திரும்பவில்லை. "நா ஓட்ட மாட்டேன். எறங்கு. பாப்பாவ கார் புடிச்சிகினு வரச் சொல்லு."

என் மடியில் ஜாடி. அதைப் பார்த்தேன். இதற்கு மேல் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"ஏங்க, அன்னிக்கும் இப்டித்தான்," என்றேன். "ஒங்க தோள்ல நா கை வைக்கல. தட்டிட்டு எடுத்துட்டேன். ரெண்டு கையாலயும் வட்டலாப்பத்த புடிச்சிகினு இருந்தேன். வெடிச்சிடும்னு. அதான் வுழுந்தேன். ஒங்க மேல தப்பில்ல. மூணு வருஷமா எல்லாரும் ஒங்கள திட்டினாங்க, நா வாயே தொறக்கல."

அந்த அம்மாவும் அவர் கணவரும் புரியாமல் நின்றார்கள். என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"தெரியும்," என்றார்.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரில புள்ளைங்க பாத்திரத்த தொறந்தாங்க. மேல ஒரு கீறல் இல்ல. அவ்ளோ ஒயரத்துலேந்து வுழுந்தும் ஒரு வெடிப்பு இல்ல. ஒரு கையால புடிச்சா அப்டி நிக்குமா? அப்பவே தெரியும்."

"தெரிஞ்சிகினா அண்ணன்கிட்ட அப்டி திட்டு வாங்கினீங்க?"

"ஒடஞ்ச காலோட படுத்துகினு கீறே, பழிய ஒன் மேல போட சொல்றியா?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "அதுவும் இல்லாம, ஒன் கை தோள்ல இல்லன்னு எனக்கு அன்னிக்கு வழியிலேயே தெரியும்மா. திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே தெரியும். நிறுத்திக் கேட்டிருக்கணும். லேட்டாவுது, சாப்பாட்டுக்கு காத்துகினு இருப்பாங்கன்னு ஓட்டிட்டேன். கை இல்லன்னு தெரிஞ்சும் ஓட்டினேன். அத யார்கிட்ட சொல்றது?"

இருபத்தாறு வருடம் வலது பக்கம் அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் விட்டிருந்தேன். என் கை எங்கே இருக்கிறது என்பதை அவர் முதுகாலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆளுக்கொரு பாதியை மூன்று வருடம் தனித்தனியாக மென்று விழுங்கியிருக்கிறோம், ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, ஜாடியை என் கையிலிருந்து வாங்கினார். முற்றத்துத் துணிக்கொடியில் உலர்ந்த துண்டில் சுற்றினார். வண்டியின் பக்கவாட்டில் இருந்த பெட்டியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். அந்தப் பெட்டி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

மூன்றாம் நாள் டூரினுக்குத் திரும்பினோம். நான் இறங்குவதற்குக் கடைக்காரர் மரப்பெட்டியைத் தயாராக வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். தேவைப்பட்டது.

செங்கல்பட்டில் இப்போது நான் ஆட்டோ பிடிப்பதில்லை. சுடிதார் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து பள்ளிக்குப் போகிறேன். முதல் நாள் வாசலில் நின்ற சக டீச்சர், "இன்னா டீச்சர், காலேஜ் பொண்ணாட்டம்!" என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே, காலைத் தூக்கும்போது எதைப் பிடிக்க வேண்டும் என்று தனியாக வந்து கேட்டார்.

இந்த வருடப் பெருநாளுக்கு மறுநாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். வட்டலாப்பத்தில் வெல்லத்தோடு அந்த இத்தாலி அம்மா கொடுத்த பாகிலும் இரண்டு கரண்டி சேர்த்திருந்தேன். வண்டிக்குப் பின்னால் அவர் புதிதாக மாட்டிய பெட்டிக்குள், துண்டு சுற்றிப் பாத்திரத்தை வைத்தோம். அது வெடித்தால் வெடிக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். வெடித்துத்தான் போயிருந்தது, அக்காவின் மாமியார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போகும் வழியில் மாமல்லபுரம் தாண்டியதும் இடது பக்கம் சவுக்குத் தோப்பு, வலது பக்கம் கடல். இரண்டும் ஒன்றாக. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அந்த வேகத்தடை வந்தது. அவர் நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்தார். என் இரண்டு கையும் அவர் இடுப்பில்தான் இருந்தன. இருந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, என் கைகளின் மேல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, ரெண்டு கையாலயும் ஓட்டுங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினேன்.